சோம்பேறி மேதையால் துப்புத் துலக்க முடியுமா? ஒரு மூக்குக்கண்ணாடியை முன்வைத்து

மூன்றாம்பக்கம் எழுதியது:

துப்பறியும் கதைகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு பாத்திரத்தின் மீது எனக்கு நெடுநாளாக மனத்தாங்கல் உண்டு. அவனுக்கு வயது பதினாறோ பதினேழோ இருக்கும். வகுப்பில் கடைசி வரிசையில் தூங்குவான், வீட்டுப்பாடத்தைத் தொட மாட்டான், எதிலும் நாட்டம் கிடையாது. ஆனால் ஒரு கொலை நடந்துவிட்டால், காவல்துறையினர் ஒரு வாரம் அலைந்தும் காணாததை ஒரு கொட்டாவிக்கும் அடுத்த கொட்டாவிக்கும் இடையில் சொல்லி முடித்துவிடுவான். இப்பாத்திரம் பொய் என்பது என் கட்சி. துப்புத் துலக்குவதில் பெரும்பகுதி உடலுழைப்பும் பொறுமையும்தான். அவை இரண்டும் இல்லாதவனுக்கு மூளை எவ்வளவு இருந்தாலும் அது எண்ணெய் இல்லாத விளக்குத்தான்.

வெளியே நின்று குறை சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். நானும் அப்படி ஒரு பையனை வைத்து நெடுங்கதை எழுதத் தொடங்கி, நாற்பதாம் பக்கத்தில் நகராமல் நிற்கிறேன். காட்சி இதுதான். ஒரு மூதாட்டி இரவில் மாடிப்படியின் அடியில் இறந்து கிடக்கிறார். தவறி விழுந்துவிட்டார் என்று எல்லோரும் முடிவு செய்துவிடுகிறார்கள். அடுத்த வீட்டுப் பையன் படுத்த நிலையிலேயே கைப்பேசியில் ஒரு புகைப்படத்தைப் பார்த்துவிட்டு, "முகத்தில் படிக்கிற கண்ணாடி இருக்கிறது. படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு யாரும் படி இறங்க மாட்டார்கள், கால் வைக்கும் இடம் மங்கலாகத் தெரியும். அவர் நாற்காலியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தபோதே தாக்கப்பட்டு, பிறகு இங்கே கொண்டுவந்து கிடத்தப்பட்டிருக்கிறார்" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறான்.

எழுதிய இரவு எனக்கு ஒரே பெருமிதம். மறுநாள் காலையில் படித்தபோது, தடயத்தை அவன் தலையணைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தவன் நான்தானே என்ற கூச்சம் வந்தது. இப்பாத்திர வகையை ஏற்பவர்கள், எதனால் ஏற்கிறீர்கள் என்று சொல்ல முடியுமா?

அரைவிழி எழுதியது:

நான் ஏற்பவன், தயக்கமில்லாமல் ஏற்பவன். தாங்கள் குறை கூறும் வகை இன்றைய காமிக்ஸ்காரர்கள் கண்டுபிடித்ததன்று. ஷெர்லக் ஹோம்ஸின் அண்ணன் மைக்ராஃப்ட், 1893இல் வெளிவந்த கிரேக்க மொழிபெயர்ப்பாளர் கதையில் அறிமுகமாகும்போதே, தம்பியைவிடக் கூர்மையான கவனிப்பாற்றலும் அதற்கு நேர்மாறான செயலின்மையும் கொண்டவராகத்தான் வருகிறார். 1934இல் அறிமுகமான நீரோ உல்ஃப் என்ற அமெரிக்கக் கதைத் துப்பறிவாளர், வேலை நிமித்தமாக வீட்டுப் படியைத் தாண்டுவதையே தவிர்ப்பவர். 1992இல் தொடங்கிய ஜப்பானியச் சித்திரக்கதைத் தொடரின் கிண்டாயிச்சி ஹஜிமே, பள்ளியில் உருப்படாதவன் என்று பெயர் வாங்கிய மாணவன். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வாசகர்கள் ஒன்றை விரும்பிப் படிக்கிறார்கள் என்றால், அதைப் பொய் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட முடியாது.

அடுத்து, சோம்பல் என்ற சொல்லை நீங்கள் கையாளும் விதத்தில் ஒரு குழப்பம் இருக்கிறது. வள்ளுவர் மடியின்மை அதிகாரத்தில் நெடுநீர், மறவி, மடி, துயில் என்று நான்கைத் தனித்தனியே எண்ணுகிறார். காலம் நீட்டிப்பதும் மறப்பதும் மடிந்து கிடப்பதும் உறங்குவதும் அவருக்கு நான்கு வெவ்வேறு செய்திகள். (நான்கையும் அவர் கெடுவாரின் பட்டியலில்தான் சேர்த்தார் என்பதை யாராவது சுட்டிக்காட்டும் முன் நானே ஒப்புக்கொள்கிறேன்.) அதே பிரிவினையை நம் பையனிடமும் செய்ய வேண்டும். அவன் கால்தான் மடிந்து கிடக்கிறது. கண் மடியவில்லை, நினைவு மடியவில்லை. பிறர் ஆசையோடு பார்க்கும் எதையும் அவன் ஆசையில்லாமல் பார்க்கிறான். பதவி உயர்வு வேண்டும் அதிகாரிக்கும், செய்தி வேண்டும் நிருபருக்கும், பழி தீர்க்க வேண்டும் உறவினருக்கும் ஒரு குறிப்பிட்ட விடை தேவைப்படுகிறது. அவனுக்கு எந்த விடையும் தேவையில்லை, ஆகவே கண்ணில் பட்டதை உள்ளபடி பார்க்கிறான். அப்பாத்திரத்தின் கவர்ச்சி இந்தப் பற்றின்மையில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

மூன்றாம்பக்கம் எழுதியது:

மைக்ராஃப்டை நீங்கள் அழைத்து வந்தது எனக்குத்தான் உதவுகிறது. அதே கதையில் ஹோம்ஸ் தம் அண்ணனைப் பற்றிச் சொல்வதை நினைவுபடுத்திப் பாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்து சிந்திப்பதோடு துப்பறிதல் முடிந்துவிடுமானால் அவரை மிஞ்ச ஆளில்லை, ஆனால் தாம் சொன்னது சரியென்று மெய்ப்பிக்கும் தொல்லையைவிடத் தவறென்று கருதப்படுவதையே அவர் விரும்புவார் என்கிறார். வழக்கை நீதிபதியின் முன் கொண்டுபோக என்னென்ன வேண்டுமோ அவற்றைத் திரட்டும் திறன் அவரிடம் அறவே இல்லை என்றும் சொல்கிறார்.

அதோடு நிற்கவில்லை. அந்த வழக்கில் மைக்ராஃப்ட் தாமாகச் செய்யும் முக்கியக் காரியம், எல்லா நாளிதழ்களிலும் தகவல் கேட்டு விளம்பரம் கொடுப்பதுதான். அதைப் பார்த்த கயவர்கள் தங்கள் கமுக்கம் வெளிப்பட்டுவிட்டதை அறிந்து மொழிபெயர்ப்பாளரை மறுபடி கடத்திச் செல்கிறார்கள்; மீட்கப் போனவர்கள் வந்து சேர்வதற்குள் அந்தக் கயவர்கள் சிறைவைத்திருந்த கிரேக்கர் ஒருவர் இறந்துபோகிறார். உட்கார்ந்த இடத்திலிருந்தே முடித்துவிடலாம் என்று எண்ணிய மேதையின் கணக்கில் ஓர் உயிர் இருக்கிறது. அந்தப் பாத்திரத்தைப் படைத்தவருக்கே அதன் குறை தெரிந்திருந்தது என்றுதான் எனக்குப் படுகிறது. பின்னால் வந்தவர்கள் குறையை விட்டுவிட்டுக் கவர்ச்சியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

நீரோ உல்ஃபும் அப்படித்தான். அவருக்காக ஊரெல்லாம் நடப்பதற்கும், வேலை எடுக்க மறுத்து அவர் அடம்பிடிக்கும்போது குத்திக் கிளப்புவதற்கும் ஆர்ச்சி குட்வின் என்று ஒருவர் முழுநேரமாக வேலை செய்கிறார். ஒருவருடைய கால்களைப் பிடுங்கி இன்னொருவரிடம் பொருத்திவிட்டு, கால்களே தேவையில்லை என்று சொல்வது நியாயமாகாது.

எதிர்வாதி எழுதியது:

பற்றின்மை தெளிவைத் தரும் என்ற நண்பர் அரைவிழியின் வாதம் கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் மனித மூளை அப்படி நடந்துகொள்வதில்லை. உளவியலாளர் பீட்டர் வேசன் 1960இல் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார். கல்லூரி மாணவர்களிடம் 2, 4, 6 என்ற மூன்று எண்களைக் கொடுத்து, இவை ஒரு விதிக்குப் பொருந்துகின்றன, நீங்களும் மும்மூன்று எண்களாகச் சொல்லிச் சொல்லி அந்த விதியைக் கண்டுபிடியுங்கள் என்றார். இரண்டிரண்டாகக் கூடுகிறது என்று எண்ணியவர்கள் 8, 10, 12 என்றும் 20, 22, 24 என்றும் கேட்டு, ஆம் என்ற பதிலைப் பெற்று, கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தார்கள். உண்மையான விதி, எண்கள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும் என்பது மட்டுமே. தம் எண்ணத்தைப் பொய்யாக்கக்கூடிய 1, 2, 3 போன்ற ஒன்றைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று பலருக்குத் தோன்றவில்லை. அவர்களில் யாருக்கும் விடையின் மீது ஆசையோ ஆதாயமோ இருந்ததாகச் சொல்ல முடியாது. முதலில் பிறந்த ஊகம் போதுமானதாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

இப்போது நம் பையனைப் பாருங்கள். அவனுடைய இயல்பே போதும் என்று சொல்வது. முதல் ஊகம் பிறந்த நொடியில் அவன் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறான். மேதைமை இங்கே அவனுக்குத் துணைவருவதற்குப் பதிலாகத் தீங்கு செய்கிறது, ஏனெனில் மந்தமானவனின் முதல் ஊகத்தை ஊர் சந்தேகிக்கும், மேதையின் முதல் ஊகத்தை ஊர் நம்பிவிடும்.

அந்தக் கண்ணாடியையே எடுத்துக்கொள்வோம். படிப்பதற்கு மட்டும் உரிய கண்ணாடி, ஏறத்தாழ 2.50 பவர் உடையது என்றால், பார்வை நாற்பது சென்டிமீட்டர் தூரத்தில் கூர்மையாகி அதற்கப்பால் மங்கும். படி மங்கலாகத் தெரியும் என்று பையன் சொல்வது அதுவரை சரி. ஆனால் அது பைஃபோகலாக இருந்தால்? மேற்பகுதியில் தூரப் பார்வையும் கீழ்ப்பகுதியில் வாசிப்புப் பார்வையும் உள்ள கண்ணாடியை முதியவர்கள் நாள் முழுதும் கழற்றுவதில்லை. படி இறங்கும்போது கண் தாழ்ந்து கீழ்ப்பகுதி வழியாகப் பார்ப்பதால் படியின் விளிம்பு தெளிவாகத் தெரியாமல் விழ நேர்கிறது என்று மருத்துவர்கள் எச்சரிப்பது வழக்கம். அதாவது, கொலைக்குச் சான்று என்று அவன் காட்டிய அதே கண்ணாடி, விபத்துக்கு மேலும் வலுவான சான்றாக மாறிவிடுகிறது. புகைப்படத்தில் வில்லையின் குறுக்கே கோடு தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்திருந்தாலே போதும். கோடே இல்லாமல் பவர் படிப்படியாக மாறும் வில்லைகளும் இருப்பதால், கண்ணாடிக் கடைக்குப் போய்க் கேட்காமல் தீராது. அவன் விரலைக்கூட அசைக்கவில்லை.

கிண்டாயிச்சியின் நுண்ணறிவு எண் (ஐ.க்யூ.) 180 என்று அவ்வகைக் கதைகள் முழங்குவதைப் பற்றியும் ஒரு சொல். சராசரி 100, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து விலகிப் பரவும் அளவு) 15 என்ற அளவுகோலில் 180 என்பது ஏறத்தாழ இரண்டு கோடிப் பேரில் ஒருவருக்கு வரக்கூடிய எண்; அந்த உயரத்தில் எந்தத் தேர்வாலும் நம்பகமாக அளக்கவும் இயலாது. 1921இல் உளவியலாளர் லூயிஸ் டெர்மன் தொடங்கிய மேதைக் குழந்தைகள் பற்றிய ஆய்வில் மதிப்பெண் போதாமல் விடுபட்ட சிறுவர்களில் வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வரெஸும் இருந்தார்கள். இருவரும் பின்னாளில் இயற்பியலில் நோபல் பரிசு பெற்றார்கள். எண்ணைச் சொல்லி மேதைமையை நிறுவும் எழுத்தாளர், காட்சியில் அதை நிறுவ முடியாதவர் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

கரும்பலகை எழுதியது:

இருபது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் கழித்தவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். நீங்கள் எல்லோரும் சோம்பலை ஒரு குணமாகவே பேசுகிறீர்கள். பதின்பருவத்தில் நான் பார்த்தவரை, அது பெரும்பாலும் ஒரு பதில். ஒரு மாணவன் கணக்குத் தேர்வில் முதல் மூன்று வினாக்களுக்கு விடை எழுதிவிட்டு மற்றவற்றை வெறுமையாக விட்டிருந்தான். கேட்டதற்கு, மீதி ஏழும் அதே கணக்குத்தானே, எண்தானே வேறு என்றான். மதிப்பெண்ணைக் குறைத்தேன், ஆனால் அவனுக்கு நான் பதில் சொல்லவில்லை, என்னிடம் பதில் இல்லை. அதே பையன், பள்ளி மணி ஏன் சில நாள்களில் இரண்டு நிமிடம் பிந்துகிறது என்பதை மூன்று வாரம் குறிப்பெடுத்துக் கண்டுபிடித்தான். யாரும் அவனைக் கேட்டுக்கொள்ளவில்லை.

உளவியலாளர் எட்வர்ட் டெசி 1971இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கட்டைகளைப் பொருத்தி உருவம் அமைக்கும் சோமா புதிரை மாணவர்களுக்குக் கொடுத்து, ஒரு குழுவுக்கு மட்டும் ஒரு கட்டத்தில் ஒவ்வொரு தீர்வுக்கும் பணம் தந்தார். பிறகு பணத்தை நிறுத்தியபோது, ஓய்வு நேரத்தில் அக்குழுவினர் தாமாகப் புதிரைத் தொடுவது குறைந்துபோயிற்று. பணம் வருவதற்கு முன் விளையாட்டாக இருந்தது, வந்த பின் வேலையாகிவிட்டது. ஆகவே நண்பர் மூன்றாம்பக்கத்திடம் ஒரு கேள்வி. உங்கள் பையன் எப்போதிலிருந்து இப்படிப் படுத்தே கிடக்கிறான்? முன்பு எதையாவது ஆர்வத்தோடு செய்து, அதை யாரோ பரிசாகவோ போட்டியாகவோ ஆக்கிக் கெடுத்துவிட்டார்களா? அது தெரியாவிட்டால் அவன் வெறும் பாவனை. தெரிந்துவிட்டால், காவல்துறையினர் அவனைப் பாராட்டி அடுத்த வழக்கோடு வரும் காட்சியில் அவன் ஏன் கதவைச் சாத்துகிறான் என்பதும் தானாகவே விளங்கிவிடும்.

அரைவிழி எழுதியது:

நான் சொல்ல வந்து சொல்லத் தெரியாமல் விட்டதை ஆசிரியை சொல்லிவிட்டார். மணியைக் கவனித்த அந்தப் பையன்தான் என் துப்பறிவாளன்.

எதிர்வாதி எழுதியது:

மூன்று வாரம் குறிப்பெடுத்தவனையா சோம்பேறி என்கிறீர்கள்?

பழைய கோப்பு எழுதியது:

விசாரணைப் பணியில் இருந்து ஓய்வுபெற்றவன் நான். கதைகளைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி குறைவு. ஆனால் அந்த மாடிப்படியைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

பைஃபோகலா இல்லையா என்பது எனக்கு இரண்டாம் கேள்விதான். படிகளில் உருண்டு விழுந்தவரின் முகத்தில் கண்ணாடி இருந்ததே, அது எப்படி? கண்ணாடி தெறித்து எங்காவது கிடக்கும், ஒரு காது மட்டும் மாட்டிக்கொண்டு தொங்கும், சட்டம் வளைந்திருக்கும். நேராக, உடையாமல், மூக்கின் மேல் உட்கார்ந்திருந்தால் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அடுத்து, புகைப்படம் எடுக்கப்பட்டது எப்போது? உடலை முதலில் பார்த்தவர் யார்? என் பணிக்காலத்தில் உடலைக் கண்டவர்கள் எதையும் தொடாமல் இருந்தது அரிது. சேலையைச் சரிசெய்வார்கள், கண்ணை மூடிவிடுவார்கள், வாயைத் துடைப்பார்கள். அதைக் குற்றம் என்று அவர்கள் நினைப்பதில்லை, மரியாதை என்று நினைக்கிறார்கள், ஆகவே கேட்டாலொழியச் சொல்வதும் இல்லை. அந்த மூதாட்டியை உடனிருந்து பார்த்துக்கொண்ட பெண் ஒருவர் இருந்து, கண்ணாடி இல்லாத முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல், படியில் கிடந்ததை எடுத்து மாட்டிவிட்டிருக்கலாம். இதை எந்த மேதையும் படுக்கையிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து, அவர் அழுது முடியும்வரை காத்திருந்து, ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டால்தான் வரும்.

பையனின் சொல்லை நம்பி என்ன நடக்கும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். இரவில் அந்த வீட்டில் இருந்தவர் அந்தப் பெண் ஒருவர்தான் என்றால், கொலை என்ற சொல் பிறந்த மறுகணம் சந்தேகம் அவர் மேல்தான் விழும். 2013இல் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு, இணையத்தில் புகைப்படங்களை ஒப்பிட்டுப் பார்த்த பலர், காணாமற்போயிருந்த ஒரு மாணவரைக் குற்றவாளி என்று முடிவுகட்டினார்கள். அவருக்கும் அச்செயலுக்கும் எந்தத் தொடர்பும் இருக்கவில்லை. ஏற்கெனவே மகனைத் தேடிக்கொண்டிருந்த அக்குடும்பத்தின் மேல் அந்தப் பழி இறங்கியது. கணினிக்கு முன்னால் இருந்தவர்களுக்கு ஆசையும் இல்லை, ஆதாயமும் இல்லை. நண்பர் அரைவிழி புகழ்ந்த பற்றின்மை அவர்களிடமும் ஓரளவு இருந்ததாகத்தான் சொல்ல வேண்டும்.

இருந்தாலும் ஒன்றை மறைக்கக் கூடாது. எங்களிடமும் சோம்பல் உண்டு. கோப்பை மூட வேண்டும் என்ற அவசரமும் அதன் ஒரு வடிவம்தான். தவறி விழுந்தார் என்று எழுதினால் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். மூட வேண்டிய கோப்பு எதுவும் இல்லாத ஒரு பையன், இது சரியில்லையே என்று ஒரு வார்த்தை சொல்வதற்கு மதிப்பு இருக்கிறது. அதற்கு மேல் அவன் சொன்ன விளக்கத்துக்குத்தான் மதிப்பில்லை.

அரைவிழி எழுதியது:

ஐயா, தங்கள் கடைசிப் பத்தியை என் கட்சிக்குக் கிடைத்த சாட்சியமாக எடுத்துக்கொள்கிறேன். இது சரியில்லையே என்று சொல்லும் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இப்பாத்திரமே இருக்கிறது. பாஸ்டன் ஒப்பீட்டை மட்டும் நான் ஏற்கவில்லை. அங்கே கூடியவர்கள் தூண்டுதல் இல்லாதவர்கள் அல்லர்; தாமே முதலில் கண்டுபிடித்துவிட வேண்டும் என்ற வெறி அவர்களை ஆட்டிவைத்தது. நம் பையனுக்கு முதல் ஆளாக வேண்டும் என்ற எண்ணமே இருக்காது. அவன் செய்யும் தவறு வேறு வகையானது: சொல்லிவிட்டு, சொன்னது எங்கே போய் விழுந்தது என்று திரும்பிப் பார்க்காமல் இருப்பது. அதைத் தவறு என்று நானும் ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாம்பக்கம் எழுதியது:

இரண்டு நாள் இந்தத் திரிக்கு வராமல், நாற்பது பக்கங்களில் கடைசிப் பன்னிரண்டைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். என்னென்ன மாறியது என்று சொல்கிறேன்.

பையன் கண்ணாடியைப் பற்றிச் சொல்லும் காட்சி அப்படியே இருக்கிறது. அவன் போர்த்திக்கொண்டு தூங்குவதும் இருக்கிறது. ஆனால் இப்போது அது தீர்வு அன்று, கதையின் தொடக்கம். அவன் சொன்னது அவன் அக்காவின் வாய்வழியாகத் தெருவுக்குப் போகிறது, தெருவிலிருந்து காவல் நிலையத்துக்குப் போகிறது, மூன்றாம் நாள் அந்தப் பணிப்பெண்ணை விசாரணைக்கு அழைத்துச் செல்வதை அவன் சன்னல் வழியாகப் பார்க்கிறான். சிறு வயதில் அவனுக்குச் சோறு ஊட்டியவர், அவன் மேல் உயிரையே வைத்திருந்தவர் என்றெல்லாம் முதலில் எழுதி, பிறகு அடித்துவிட்டேன். அவனுக்கு அவரைச் சரியாகத் தெரியக்கூடத் தெரியாது. பாசத்தால் எழுந்தான் என்று வைத்தால் அது மருந்து கொடுத்துச் சோம்பலைக் குணப்படுத்திய கதையாகிவிடும். தான் விட்டெறிந்த கல் யார் மண்டையில் விழுந்தது என்பது கண்ணுக்கு நேரே தெரிந்துவிட்டதால் எழுகிறான். எரிச்சலோடுதான் எழுகிறான்.

ஆசிரியையின் கேள்விக்கும் விடை தேடினேன். பதினோரு வயதில் அவன் சதுரங்கம் ஆடினான், வீட்டில் அலமாரி நிறையக் கோப்பைகள் இருக்கின்றன, ஒன்றைக்கூட அவன் துடைப்பதில்லை. இதை ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன்.

பழைய கோப்பு ஐயா சொன்ன அந்தக் காத்திருப்பை எழுதுவதுதான் கடினமாக இருந்தது. பணிப்பெண் திரும்பி வந்த பின் பையன் அவர் எதிரில் போய் உட்கார்கிறான். அவனுக்குப் பேசத் தெரியவில்லை. முதல் முறை கேட்கும் கேள்வி குற்றச்சாட்டாக ஒலிக்கிறது, அவர் எழுந்து உள்ளே போய்விடுகிறார். அடுத்த நாளும் போகிறான். நான்கு பக்கங்களில் துப்பு எதுவும் கிடைக்கவில்லை, வாசகர் பொறுப்பாரா என்பது தெரியவில்லை.

நண்பர் அரைவிழிக்கு: பையன் மேதை என்பதை இப்போது நானும் நம்புகிறேன். ஆனால் துப்புத் துலங்கியது அவன் அந்தப் பெண்ணின் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்ததால், படுத்துக்கிடந்ததால் அன்று.

அரைவிழி எழுதியது:

அவன் அன்று அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிராவிட்டால் உட்காருவதற்கு நாற்காலியே இருந்திருக்காது. கோப்பு மூடப்பட்டிருக்கும், கதை நாற்பதாம் பக்கத்துக்கே வந்திருக்காது. என் கட்சியை நான் கைவிடவில்லை. துப்பில்லாத அந்த நான்கு பக்கங்களை மட்டும் வெட்டாதீர்கள்.

எதிர்வாதி எழுதியது:

வாழ்த்துகள். ஓர் ஐயம் மட்டும் மீதி இருக்கிறது. கண்ணாடிக் கடைக்காரர் அது படிப்பதற்கு மட்டுமான கண்ணாடிதான் என்று சொல்லிவிடுவதாகவே வைத்துக்கொள்வோம். அது பாதி வில்லைக் கண்ணாடியாக இருந்தால் என்ன செய்வீர்கள்? மூக்கின் நுனியில் நிற்கும் அவ்வகைக் கண்ணாடியை அணிந்தவர்கள் சட்டத்துக்கு மேலாகப் பார்த்துக்கொண்டு வீடு முழுதும் நடமாடுவார்கள், படியும் இறங்குவார்கள். அப்படியானால் பையனின் முதல் வாக்கியமே நிற்காது.

மூன்றாம்பக்கம் எழுதியது:

கடைக்காரர் வரும் காட்சியை இன்னும் எழுதவில்லை, ஆகவே அந்தக் கேள்வியை அங்கே அவர் வாயிலேயே வைத்துவிடலாம். அதற்கு முன், இரண்டாம் அத்தியாயத்தில் மூதாட்டி உயிரோடு வரும் இடத்தில் அவர் எப்படிப்பட்ட கண்ணாடி போட்டிருந்தார் என்று நானே ஏதாவது எழுதி வைத்திருக்கிறேனா என்று பார்க்க வேண்டும். எழுதவில்லை என்றுதான் நினைவு. இருந்தாலும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.